ஆறரைக் கட்டையில் ஒரு பேண்டு: வடசென்னைக் கல்லூரியில் இசைக் கோட்பாடு கற்பிக்கவும் பேண்டை நடத்தவும்

வடசென்னையில் ஒரு சமுதாயக் கல்லூரியிலோ அரசுக் கலைக் கல்லூரியிலோ பேண்டு தொடங்கும் ஆசிரியரிடம் முதல் நாள் வந்து சேரும் மாணவர்கள் ஒரே வழியில் இசைக்கு வந்தவர்களாக இருக்க மாட்டார்கள். ராயபுரத்திலோ பெரம்பூரிலோ தேவாலயப் பாடகர் குழுவில் நான்கு குரல்களில் பாடிப் பழகியவர்கள் சிலர்; அவர்களில் வீட்டுப் பெரியவர்களிடம் டோனிக் சோல்ஃபா (டோ, ரே, மீ என்று பாடும் முறை) கற்றவர்களும் உண்டு. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் கானாக் கச்சேரிகளில் டேப் என்ற தோல்கருவி அடித்தவர்கள் சிலர். அப்பாவோ தாய்மாமனோ பேண்டு செட்டில் இருப்பதால் பத்து வயதிலேயே யூபோனியம் என்ற பெரிய பித்தளை வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு கல்யாண ஊர்வலத்திலும் சாவு ஊர்வலத்திலும் நடந்தவர்கள் சிலர். கைப்பேசியைப் பார்த்துக் கீபோர்டு கற்றவரும், லண்டன் டிரினிடி கல்லூரியின் மேற்கத்திய இசைக் கிரேடு தேர்வு எழுதியவரும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். இவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது கேள்வி ஞானம். அதைக் குறையாக எண்ணி, கரும்பலகையில் ஐந்து கோடு போட்டு அனைவரையும் முதல் வகுப்பிலிருந்து தொடங்க வைத்தால், மூன்றாவது வாரத்தில் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

இந்த வழிகாட்டி சொல்லும் முறைக்கு அடிப்படை ஒன்றுதான்: கோட்பாட்டு வகுப்பு வேறு, பேண்டு ஒத்திகை வேறு என்று பிரிக்கக் கூடாது. இந்த வாரம் பலகையில் எழுதியது இந்த வாரமே மாணவரின் மியூசிக் ஸ்டாண்டில் இருக்கும் தாளிலும், பேண்டு மாஸ்டரின் கை அசைவிலும் வர வேண்டும். இவ்விரண்டையும் இணைக்கும் பொதுமொழியாக நம் ஊரில் எல்லோரும் அறிந்த ச ரி க ம ப த நி இருக்கட்டும். இந்த ஏழு எழுத்துகள் பேண்டு ஆசிரியருக்கு எவ்வளவு பெரிய வசதி என்பது, இடமாற்று வாத்தியங்களை (தாளில் எழுதியது ஒன்று, ஒலிப்பது வேறொன்று என்றிருப்பவை) பற்றிப் பேசும்போது விளங்கும்.

முதல் இரு வாரங்கள்

முதல் சந்திப்பில் எழுத்துத் தேர்வு எதுவும் வேண்டாம். ஒவ்வொருவரையும் தனக்குத் தெரிந்த ஒரு மெட்டை வாசிக்கச் சொல்லுங்கள்; பிறகு நீங்கள் கைதட்டும் நான்கு தட்டு லயத்தைத் திருப்பித் தட்டச் சொல்லுங்கள்; பிறகு ஒரு சுருதியைக் கொடுத்து ‘ச’ பாடச் சொல்லுங்கள். இந்த மூன்றிலும் ஒருவரின் காது, கை, மூச்சு ஆகியவற்றின் நிலை தெரிந்துவிடும். ஸ்டாஃப் நோட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதும் இசைக்குறி) வாசிக்கத் தெரியுமா என்ற கேள்வியைக் கடைசியில், தனியாக, மற்றவர் கேட்காதபடி கேளுங்கள்.

ஒரு நோட்டில் மாணவரின் வாத்தியம், எட்டக்கூடிய மிகத் தாழ்ந்த ஸ்வரம், சிரமமின்றித் தொடக்கூடிய மிக உயர்ந்த ஸ்வரம், வேலைக்குப் போகும் நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதை அலட்சியமாக எண்ண வேண்டாம். ஆடியில் கல்யாணம் இல்லாததால் பேண்டு செட்டில் வாசிப்பவர்கள் ஓய்வாக இருப்பார்கள். ஆனால் அதே ஆடியில் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் கூழ் வார்க்கும் திருவிழா நடப்பதால் தாள வாத்தியக்காரர்கள் கிடைக்க மாட்டார்கள். ஆவணியிலும் தையிலும் நிலைமை தலைகீழாகிவிடும். டிசம்பரில் தேவாலயப் பாடகர்கள் அனைவரும் கிறிஸ்துமஸ் ஒத்திகைக்குப் போய்விடுவார்கள். ஆண்டு நிகழ்ச்சி எந்த மாதத்தில் என்று கல்லூரி நிர்வாகம் கேட்கும்போது இந்த நாட்காட்டியை முன்வைத்தே பதில் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் ஒரே ‘ச’

பேண்டு வாத்தியங்களில் பலவும் தாளில் எழுதப்பட்ட சுருதியில் ஒலிப்பதில்லை. பி ஃபிளாட் டிரம்பெட்டும் பி ஃபிளாட் கிளாரினெட்டும் சி என்று எழுதியதை வாசித்தால் பி ஃபிளாட் கேட்கும். டெனர் சாக்ஸஃபோனில் எழுதியதைவிட ஒரு ஸ்தாயியும் ஒரு முழு ஸ்வரமும் கீழே கேட்கும். ஆல்டோ சாக்ஸஃபோன் இ ஃபிளாட் வாத்தியம். சி எழுதினால் இ ஃபிளாட் கேட்கும். பிரெஞ்சு ஹார்ன் எஃப் வாத்தியம். புல்லாங்குழல், டிராம்போன், கீபோர்டு மூன்றும் எழுதியபடியே ஒலிக்கும். கீபோர்டில் சி வாசித்துக்காட்டி “எல்லாரும் சி வாசிங்க” என்று ஆசிரியர் சொன்னால், அடுத்த நொடியில் அறை முழுவதும் மூன்று நான்கு சுருதிகள் முட்டிக்கொள்ளும். புதிய மாணவர் தன் வாத்தியம்தான் பழுது என்று நினைத்துக்கொள்வார்.

இந்தச் சிக்கலை விளக்க நம்மிடம் ஏற்கெனவே கட்டைக் கணக்கு இருக்கிறது. சி ஒரு கட்டை, டி இரண்டு, இ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. தொடக்க நிலைப் பேண்டுக்கு மிக வசதியான சுருதி பி ஃபிளாட், அதாவது ஆறரைக் கட்டை. டிரம்பெட்டும் கிளாரினெட்டும் அதைத் தம் தாளில் சி ஆகப் பார்க்கும். ஆல்டோ சாக்ஸஃபோன் ஜி ஆகவும், ஹார்ன் எஃப் ஆகவும், டிராம்போன் பி ஃபிளாட் ஆகவும் பார்க்கும். பெயர் நான்காக இருந்தாலும் அந்த அறையில் அது ஒரே ‘ச’. “எல்லோரும் பஞ்சமம்” என்று நீங்கள் சொன்னால், ஒவ்வொருவரும் தத்தம் தாளில் உள்ள ஐந்தாம் ஸ்வரத்தைத் தேடி எடுப்பார்கள். அறையில் ஒரே எஃப் ஒலிக்கும். ஒத்திகை முழுவதும் இப்படி ஸ்வரத்தின் பெயரால் பேசுங்கள். எழுத்துப் பெயர்களைத் தாளில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு சிறு பயிற்சி. பலகையில் இடமிருந்து வலமாக ஏழு ஸ்வரங்களை எழுதி, அவற்றுக்குக் கீழே ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு வரிசை போட்டு, மாணவர்களையே எழுத்துப் பெயர்களை நிரப்ப வைக்கவும். ஆல்டோ சாக்ஸஃபோன்காரர் ஜி, ஏ, பி, சி, டி, இ என்று எழுதிக்கொண்டே வந்து ஏழாவது கட்டத்தில் எஃப் எழுதுவார். அதை அழித்துத் திருத்தாமல் வாசிக்கச் சொல்லுங்கள். நிஷாதம் இறங்கிவிட்டது என்று டேப் அடிப்பவருக்குக்கூடக் கேட்கும். அந்த இடத்தில் அரை ஸ்வரம் உயர்த்தும் ஷார்ப் குறியை அறிமுகப்படுத்தினால், வரியின் தொடக்கத்தில் அந்தக் குறிகளைச் சேர்த்து எழுதும் கீ சிக்னேச்சர் ஏன் வந்தது என்ற கேள்விக்குத் தனியாக விளக்கம் தேவைப்படாது. சுருதிகளை ஐந்தாம் ஸ்வர இடைவெளியில் அடுக்கும் வட்டத்தை (சர்க்கிள் ஆஃப் ஃபிஃப்த்ஸ்) படமாக வரைவதை இரண்டாம் பருவத்துக்குத் தள்ளிவைக்கலாம். அதை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு, புள்ளி வைத்த கிராட்செட்டை (ஒன்றரைத் தட்டு நீளக் குறி) தட்டத் தெரியாமல் நிற்கும் கிரேடு மாணவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசையின் நியாயம் புரியும்.

மேஜர் ஸ்கேலும் சங்கராபரணத்தின் ஸ்வரத்தானங்களும் ஒன்றே. நடபைரவி இயல்பான மைனர், கீரவாணி ஹார்மோனிக் மைனர், ஹரிகாம்போதி மிக்சோலிடியன், கரஹரப்பிரியா டோரியன். இந்த ஒப்பீட்டைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை: ஒன்றாக இருப்பவை ஸ்வரத்தானங்கள் மட்டுமே. கமகத்தோடு, அதாவது ஸ்வரங்களை அசைத்துப் பாடும் சங்கராபரணத்தை மேஜர் ஸ்கேல் என்று சொன்னால், கர்நாடக இசை படித்த மாணவர் உங்களை நம்பமாட்டார். அவர் நம்பாமல் இருப்பது சரியே.

முதல் பாடல்

முதல் பாடத்துக்கான உருப்படி நம் பக்கத்திலேயே பிறந்திருக்கிறது. முத்துசாமி தீட்சிதர் (1775–1835) இளமையில் மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் மணலியில் வாழ்ந்தபோது, புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் இயற்றினார். நோட்டுஸ்வர சாகித்தியங்கள் என்று வழங்கும் அவை சுமார் நாற்பது உள்ளன. சங்கராபரண ஸ்வரங்களில், கமகமின்றி நேராகச் செல்பவை. திருவொற்றியூரைத் தாண்டினால் மணலி. தெற்கே பாரிமுனையைக் கடந்தால் கோட்டை. மேற்கத்திய பேண்டு இசையும் நம் ஸ்வரமும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த வட்டாரத்தில் சந்தித்திருக்கின்றன என்பதை மாணவர்களிடம் சொல்லுங்கள். பேண்டு என்பது தங்களுக்கு அந்நியமான ஒன்று என்ற கூச்சம் அதிலேயே பாதி போய்விடும்.

அவற்றுள் ‘சந்ததம் பாஹிமாம்’ என்பது ஆங்கிலேயரின் நாட்டுப்பண் மெட்டில் அமைந்தது. ஏகாதிபத்தியத்தின் மெட்டை ஏன் வாசிக்க வேண்டும் என்று ஒரு மாணவராவது கேட்பார். கேட்கட்டும், தீட்சிதர் அதைச் சியாமளா தேவியிடம் கொண்டுபோய்விட்டார் என்பதே போதுமான பதில். பாடம் நடத்துபவருக்கு இந்த மெட்டு பொன் போன்றது. மூன்று தட்டுக் கணக்கில் அதன் முதல் ஆறு பார்கள் (நேர்க்கோட்டால் பிரிக்கப்படும் தட்டுக் கூட்டங்கள்) இப்படிச் செல்லும்:

ச ச ரி | நி · ச ரி | க க ம | க · ரி ச | ரி ச நி | ச

முதல் பகுதியில் ‘நி’ வரும் இடமெல்லாம் கீழ் ஸ்தாயி. மெட்டு முழுவதும் ஒரு ஸ்தாயிக்குள் அடங்கிவிடுவதால் புதிதாக டிரம்பெட் பிடித்தவரும் உதடு வலிக்காமல் வாசிக்கலாம். இரண்டாவது பாரிலும் நான்காவது பாரிலும் வரும் அந்தப் புள்ளி, புள்ளி வைத்த கிராட்செட்டும் ஒரு குவேவரும் (அரைத் தட்டு) சேர்ந்த லயம். ஐந்தாவது பாரிலிருந்து ஆறாவது பாருக்குள் ப-நி-ரி கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) ச-க-ப கார்டில் வந்து சேர்கிறது. முத்தாய்ப்பு என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. தவிர, முதல் பகுதி ஆறு பார், இரண்டாவது பகுதி எட்டு பார் என்று மெட்டு சமமில்லாமல் பிரிகிறது. நான்கு நான்காக எண்ணிப் பழகிய கை இங்கே தடுமாறும். ஏன் தடுமாறியது என்று கேட்டு மாணவர்களையே கண்டுபிடிக்க வைத்தால், இசை வாக்கியம் என்ற பாடம் முடிந்தது.

இதை ஆறரைக் கட்டையில் நான்கு வரிகளாக எழுதிக்கொள்ளுங்கள்: மெட்டு, அதற்கு இணையான இரண்டாம் வரி, நடு வரி, பேஸ். ஒவ்வொரு வரியையும் வாத்தியத்துக்கு ஏற்ப இடம் மாற்றித் தனித்தனித் தாளாகக் கொடுங்கள். இப்படி நான்கு வரி அமைப்பில் எழுதினால் ஒரு நாள் டிராம்போன்காரர் வராவிட்டாலும் யூபோனியம் அந்த வரியை எடுத்துக்கொள்ளும். முழுப் பேண்டுக்கு அச்சிட்டு விற்கும் ஸ்கோர்களை (எல்லா வாத்தியங்களின் வரிகளும் சேர்ந்த தாள்) முதல் ஆண்டில் நம்ப வேண்டாம். அவை இருபது வகை வாத்தியங்களும் நாள்தோறும் வந்து சேரும் ஊர்களுக்காக எழுதப்பட்டவை.

லயம்

தாளில் கால அளவு கற்பிக்க நம் சொற்கட்டே போதும். ஒரு கிராட்செட்டுக்குள் இரண்டு குவேவர் ‘தக’, நான்கு செமிகுவேவர் ‘தகதிமி’, டிரிப்லெட் ‘தகிட’. ஆனால் எங்கே ஒப்புமை நின்றுவிடுகிறது என்பதையும் ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களில் தட்டு, விரல் எண்ணிக்கை, வீச்சு என்று கை பிரியும். பாருக்கு நான்கு தட்டு வரும் ஃபோர்-ஃபோர் காலத்தில் ஒவ்வொரு பாரின் முதல் தட்டும் புதிய தொடக்கம். ஆதி தாளம் போடத் தெரிந்தவர் ஐந்தாவது தட்டைக் கொஞ்சம் இலேசாக விடுவார். அதைத் திருத்த வேண்டியிருக்கும்.

சிக்ஸ்-எய்ட்டுக்கும் த்ரீ-ஃபோருக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிப்பது பொதுவாகக் கடினம் என்பார்கள். வடசென்னை மாணவர்களுக்கு அது எளிது. டப்பாங்குத்து அடியே பெரும்பாலும் சிக்ஸ்-எய்ட்தான். ஒரே வேகத்தில் ஆறு குவேவர்களை வகுப்பு முழுவதும் தட்டட்டும். தாளக்காரர் ஒருவர் ஒன்றிலும் நான்கிலும் அழுத்தம் கொடுக்கட்டும்: தகிட தகிட, கால் தானாக ஆடத் தொடங்கும். தட்டை நிறுத்தாமலே அழுத்தத்தை ஒன்று, மூன்று, ஐந்துக்கு மாற்றட்டும்: தக தக தக, ஆட்டம் நின்று, சுழற்சி வரும். முதலாவதை இரண்டு அசைவில் நடத்த வேண்டும், இரண்டாவதை மூன்று அசைவில் நடத்த வேண்டும் என்பதை அதே நிமிடத்தில் கையில் காட்டிவிடுங்கள்.

கார்டும் சுருதி சேர்ப்பும்

டிரம்பெட்டில் எந்த வால்வையும் அழுத்தாமல் உதட்டை மட்டும் இறுக்கிக்கொண்டே போனால் ச, ப, மேல் ச, க, ப என்று வரும். தம்புராவின் நாதத்துக்குள் உற்றுக் கேட்டால் ஒலிக்கும் அந்தர காந்தாரமும் இதே இயற்கைக் காந்தாரமே. இதை வைத்து மேஜர் கார்டை அறிமுகப்படுத்தலாம். ச-க-ப, ம-த-ச, ப-நி-ரி என்ற மூன்று கார்டுகளைக் கொண்டே முதல் ஆண்டின் பாடல்களில் பெரும்பாலானவற்றை அமைத்துவிட முடியும்.

இந்த இயற்கைக் காந்தாரம் கீபோர்டின் காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் தாழ்ந்தது (ஓர் அரை ஸ்வரம் 100 சென்ட்). ஆகவே கார்டை நீட்டி வாசிக்கும்போது காந்தாரம் எடுப்பவர் மட்டும் சற்றே இறக்கி வாசித்தால் அறை முழுவதும் ஒரு தெளிவு வரும். சுருதி மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தால் இது நடக்காது. கைப்பேசியில் தம்புராச் செயலியை ஆறரைக் கட்டையில் வைத்து, ஒலிபெருக்கியில் போட்டு, முதலில் பேஸ் வாத்தியங்கள் ‘ச’, பிறகு பஞ்சமம், கடைசியில் காந்தாரம் என்று அடுக்குங்கள். அடுக்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் வாயால் பாட வையுங்கள். பாட வெட்கப்படும் பையன்கள் தேவாலயப் பாடகர்களின் அருகில் உட்கார்ந்தால் இரண்டு வாரத்தில் பாடிவிடுவார்கள்.

நம் ஊர் வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஊது வாத்தியத்துக்குள் இருக்கும் காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் ஏறும். மே மாதத்து அறையில் அரை மணி நேரம் வாசித்த பேண்டு, நகராமல் நிற்கும் கீபோர்டைவிட நன்றாகவே மேலே போய்விடும். ஆகவே வந்தவுடன் ஒரு முறை, இருபது நிமிடம் வாசித்த பிறகு இன்னொரு முறை சுருதி சேர்க்கவும். டிரம்பெட்டின் டியூனிங் ஸ்லைடையும், கிளாரினெட்டின் பேரல் இணைப்பையும், புல்லாங்குழலின் தலைப்பகுதியையும் சற்று வெளியே இழுக்க வேண்டியிருக்கும். தம்புராச் செயலியின் சுருதியையும் பேண்டின் சூட்டுக்கு ஏற்ப ஏற்றிக்கொள்ளலாம். கீபோர்டு இல்லாத உருப்படியில் 440 (ஏ ஸ்வரத்துக்கு வழக்கமாக வைக்கும் ஹெர்ட்ஸ் அளவு) என்ற எண்ணுக்கு எந்தப் புனிதமும் இல்லை. ஒன்று, மூன்று வால்வுகளைச் சேர்த்து அழுத்தும் ஸ்வரம் டிரம்பெட்டில் எப்போதும் ஏறியே நிற்கும். மூன்றாம் வால்வின் ஸ்லைடை நீட்டி இறக்கக் கற்றுக்கொடுங்கள். மீரட்டில் செய்து விற்கும் விலை குறைந்த வாத்தியங்களில் அந்த ஸ்லைடு இறுகிப்போயிருந்தால், வாங்கும்போதே இளக்கித் தரச் சொல்வது நல்லது.

கை

பேண்டு செட்டில் வேகத்தைப் பிடித்துக்கொண்டு போவது சைட் டிரம். தெருவில் நடந்துகொண்டு வாசிக்கும்போது அது சரியான ஏற்பாடு. வேறு வழியும் இல்லை. அறைக்குள் உட்கார்ந்து வாசிக்கும்போது அந்தப் பொறுப்பு பேண்டு மாஸ்டரின் கைக்கு மாற வேண்டும். “மாஸ்டர், நான் அடிச்சாத்தானே அவங்க வருவாங்க?” என்று டிரம்காரர் நியாயமாகவே கேட்பார். விளக்கிச் சொல்வதைவிட, “தம்பி, எட்டு பார் குச்சிய கீழ வச்சிட்டு என் கையப் பாரு” என்று சொல்லி, மற்றவர்களை மட்டும் வாசிக்க வைத்துக் காட்டுங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு முன்வரிசை ஒலி ஒரு நொடியில் நூற்றில் மூன்று பங்கு தாமதமாகச் சேரும், அவர் பதிலுக்கு அடிப்பது முன்வரிசைக்கு மேலும் அவ்வளவு தாமதமாகச் சேரும். பின்வரிசை காதை நம்பினால் பேண்டு இழுக்கும். கண்ணை நம்பினால் சேரும்.

கை வடிவங்களைக் கற்பது பத்து நிமிட வேலை. வலக்கையால், இரண்டுக்குக் கீழே, மேலே. மூன்றுக்குக் கீழே, வலப்பக்கம், மேலே. நான்குக்குக் கீழே, இடப்பக்கம், வலப்பக்கம், மேலே. எல்லாவற்றிலும் முதல் தட்டு கீழே, கடைசித் தட்டு மேலே. தட்டு விழும் இடம் இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு கண்ணுக்குத் தெரியாத மேசைமேல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்; கை அதைத் தொட்டவுடன் எழும்ப வேண்டும். தொட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டால் வாசிப்பவருக்கு அடுத்த தட்டு எப்போது என்று தெரியாது.

கற்க நாளாவது முதல் தட்டுக்கு முந்தைய அசைவு. “ஒன், டூ, த்ரீ, ஃபோர்” என்று வாயால் எண்ணித் தொடங்குவது இங்கே எல்லாக் கச்சேரிகளிலும் உள்ள வழக்கம். அதை விட்டுவிட்டு, ஒரே ஓர் எழும்பல் அசைவில் வேகம், பலம், மெட்டின் குணம் மூன்றையும் சொல்லிவிட வேண்டும். அசைவு மேலே போகும்போது பேண்டு மாஸ்டரும் வாயைத் திறந்து மூச்சு எடுக்க வேண்டும். ஊதுபவர்கள் அந்த மூச்சையே பின்பற்றுவார்கள். அந்த அசைவின் நீளம் சரியாக ஒரு தட்டின் நீளமாக இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 72 தட்டில் செல்லும் பாடலுக்குப் பரபரவென்று கையைத் தூக்கினால், பேண்டு 100இல் தொடங்கி இரண்டாவது பாரில் குழம்பும். பழி டிரம்காரர்மேல் விழும்.

இதற்கான பயிற்சியைச் சொல்கிறேன். அனைவரும் ‘ச’ ஒன்றை மட்டும் வாசிக்கட்டும். நடத்துபவர் எதுவும் பேசாமல் ஓர் எழும்பல் அசைவு கொடுத்து, ஒரே தட்டில் அவர்களைத் தொடங்க வைத்து, இடக்கையை மூடி நிறுத்த வேண்டும். மெதுவாக, வேகமாக, மெல்லிய ஒலியில், உரத்து என்று மாற்றி மாற்றிச் செய்யட்டும். கைப்பேசியை பேண்டின் நடுவில் ஒரு ஸ்டாண்டில் வைத்து நடத்துபவரைப் படம்பிடித்துக்கொள்ளுங்கள். பார்க்கும்போது பெரும்பாலோர் கண்டுகொள்வது இரண்டு: இடக்கை வலக்கையையே கண்ணாடிபோல் திரும்பச் செய்துகொண்டிருக்கிறது, கண் தாளைவிட்டு எழவே இல்லை. இடக்கையைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு வாரம் நடத்தச் சொல்லுங்கள். பிறகு அதை வெளியே எடுக்கும்போது, ஒரு வரியை உள்ளே அழைப்பதற்கும் ஒலியைக் கூட்டிக் குறைப்பதற்கும் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்பாடு வையுங்கள்.

கண் தாளைவிட்டு எழ வேண்டுமானால் ஸ்கோர் மனத்தில் இருக்க வேண்டும். ஒத்திகைக்கு முன் நான்கு வரிகளையும் ஒவ்வொன்றாகப் பாடிப் பாருங்கள். ஒரு வரியைப் பாடிக்கொண்டே இன்னொரு வரியின் லயத்தைத் தட்டிப் பாருங்கள். யார் எங்கே உள்ளே வருகிறார், எங்கே மூச்சு, எங்கே தடுமாறுவார்கள் என்ற மூன்றை மட்டும் வண்ணப் பென்சிலால் குறியுங்கள். ஸ்கோர் முழுக்க வண்ணம் பூசினால் அவசரத்தில் எதுவும் கண்ணில் படாது.

கேள்வி ஞானக்காரர்கள்

கேட்டே வாசிப்பவரை, தாள் பார்த்து வாசிக்கும் ஒருவருக்கு அருகில் உட்கார வையுங்கள். முன்னவர் பின்னவருக்கு மெட்டின் நெளிவைக் கற்றுக்கொடுப்பார், பின்னவர் முன்னவருக்கு வரியைக் காட்டுவார். முதல் சில மாதங்களுக்கு ஸ்டாஃபுக்குக் கீழே பென்சிலால் ச ரி க எழுதிக்கொள்ள அனுமதிக்கலாம். வால்வு எண்களை எழுத அனுமதிக்க வேண்டாம். ஸ்வரம் எழுதுபவர் காதோடு தொடர்பை இழப்பதில்லை, சுருதி மாறினாலும் அந்த அறிவு கூடவே வரும். வால்வு எண் எழுதுபவருக்கு விரல் மட்டுமே பழகும். பாட்டு பழகியதும் ஒவ்வொரு பாரிலும் முதல் ஸ்வரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அழிக்கச் சொல்லுங்கள், பிறகு அதையும். புதிய உருப்படியில் இரண்டு வரியையாவது எழுதாமல் வாசிக்கும் பழக்கம் இப்படித்தான் வரும்.

பேண்டு செட் குடும்பத்துப் பிள்ளைகளின் வாசிப்பில் உரத்த ஒலியும் நீண்ட மூச்சும் இருக்கும். அது தெருவின் தேவையிலிருந்து வந்தது. ‘சாவு பேண்டு மாதிரி ஊதாதே’ என்று அடக்கும் வாய் ஒரு கல்லூரி அறையில் இருக்கக் கூடாது. அந்த மூச்சை வைத்தே மெல்லிய ஒலியை நீட்டிப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தால், மற்ற எவராலும் முடியாத பியானிசிமோ அவர்களிடமிருந்து கிடைக்கும்.

அறை

புல்லாங்குழல்களும் கிளாரினெட்டும் முன்னே, சாக்ஸஃபோன் அடுத்து, பித்தளை வாத்தியங்கள் அதன் பின்னே, தாளம் கடைசியில் என்று அரைவட்டமாக உட்கார வையுங்கள். மின்விசிறி சுழலும் அறையில் தாள் பறக்கும்; துணி கிளிப் ஒரு டஜன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் உப்புக்காற்று பித்தளையைக் கறுக்கவைப்பதால், வாசித்து முடித்ததும் துடைத்துப் பெட்டியில் வைக்கும் ஐந்து நிமிடத்தை ஒத்திகை நேரத்துக்குள்ளேயே ஒதுக்க வேண்டும். கன்டெய்னர் லாரி ஓடும் சாலையோரக் கட்டடமாக இருந்தால், மெல்லிய பகுதிகளை ஒத்திகை பார்க்கும் நேரத்தை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள்.

ஒன்றரை மணி நேர ஒத்திகையில் சுருதியும் நீண்ட ஸ்வரமும் முதல் கால் மணி. பலகை கால் மணிக்கு மேல் வேண்டாம். மீதி எல்லாம் வாசிப்பு. பாடலைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை திரும்பத் திரும்ப ஓட்டுவது நேரத்தை விழுங்கும் வழக்கம். தடுமாறும் நான்கு பார்களை மட்டும் பாதி வேகத்தில் எடுத்து, அதற்கு முன்னே இரண்டு பாரும் பின்னே இரண்டு பாரும் சேர்த்துத் தைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

தேர்வு

பருவ முடிவில் கோட்பாட்டுக்கு எழுத்துத் தேர்வு நடத்தத்தான் வேண்டும் என்று கல்லூரி சொல்லும். நடத்துங்கள், ஆனால் அதற்கு மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். மீதிப் பாதிக்கு ஒவ்வொரு மாணவரும், டேப் அடிப்பவர் உட்பட, பேண்டின் முன் நின்று பதினாறு பார்களை நடத்திக் காட்ட வேண்டும். அந்தப் பதினாறு பாரின் ஸ்கோர் ஒரு வாரம் முன்னதாக அவர் கையில் இருக்கட்டும். முன்னே வந்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: உன் ‘ச’ எங்கே, இந்த பாரில் எந்தக் கார்டு, யார் முதலில் மூச்சு எடுக்க வேண்டும். பிறகு கையைத் தூக்கச் சொல்லுங்கள். ஆல்டோ சாக்ஸஃபோன் வரியில் மட்டும் நீங்களே ஒரு ஷார்ப்பை அழித்துக் கொடுத்திருக்கலாம். அதைக் கேட்டு நிறுத்தி, எந்த வரியில் எந்த ஸ்வரம் என்று சொல்பவருக்கு முழு மதிப்பெண். பிழையைக் கேட்டும் நிறுத்தத் தயங்குபவருக்குப் பாதி. அடுத்த பருவத்தில் ஒத்திகையின் முதல் கால் மணியை நடத்தும் பொறுப்பை, வாரம் ஒருவராக, முழு மதிப்பெண் பெற்றவர்களிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பின்வரிசையில் சிம்பலோடு போய் உட்காருங்கள்.